17 வயதுப் பையன் மறுத்தும் ரத்தம் ஏற்றியது எப்படி?

18 ஆகவில்லை, அதனால்தான். ‘தி சில்ட்ரன் ஆக்ட்’ படத்தில் ஆடம் என்ற அந்தப் பையன் மத நம்பிக்கையால் மறுத்தும் நீதிபதி ரத்தம் ஏற்றச் சொன்னது சரியா என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்துச் சட்டப்படி சரிதான்.

16 வயதானவர் சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம் என்ற 1969 சட்டம் உங்களைக் குழப்பியிருக்கும். சம்மதிக்கலாம், அவ்வளவுதான். மறுத்தால் அதுவே முடிவு என்று அதில் இல்லை.

ஆடம் கட்டிலில் கிதாரோடு உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, அப்புறம் தீர்ப்புக் காட்சியைப் பாருங்கள். நீதிபதி அவன் நலன் என்ற ஒன்றில்தான் நிற்பார்.

ஆனால் 18 ஆகிவிட்டால், மறுப்பை மீறி உத்தரவிடும் இந்த அதிகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விடும். 1990இல் ரத்தப் புற்றுநோய் வந்த 15 வயதுப் பையனுக்கு நிஜ நீதிமன்றமும் இப்படித்தான் உத்தரவிட்டது. 18 ஆனதும் அவன் ரத்தத்தை மறுத்தான், இறந்தும் போனான். என்னால் அதை மறக்க முடியவில்லை.