சி.ஏ. படிக்காமல் வரி வழக்கறிஞர் ஆக முடியுமா?

முடியும். பி.காம் முடித்து மூன்றாண்டு சட்டப்படிப்பில் இருக்கும் உங்களுக்கு வழி நேரானது: தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு, பிறகு அகில இந்திய பார் தேர்வு. வருமான வரித் தீர்ப்பாயம் வரை சி.ஏ.க்களும் வாதாடலாம், உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் மட்டுமே. உங்கள் பலம் அங்கேதான்.

முதல் சில ஆண்டுகள் ஜிஎஸ்டி, வருமான வரி இரண்டும் பார்க்கும் சீனியரிடம் சேருங்கள். வாதத்துக்கு முன்பே கற்க வேண்டியது காலக்கெடு. ஜிஎஸ்டி உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 3 மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 1 மாதம். அதற்கு மேல் ஒரு நாள் தாமதித்தாலும் மேல்முறையீட்டு அதிகாரியால் ஏற்க முடியாது. ரிட் மனுவோடு (அதிகாரியின் உத்தரவை எதிர்த்து நேரடியாகத் தரும் மனு) உயர் நீதிமன்றம் போகவேண்டி வரும், அங்கும் நிவாரணம் உறுதியில்லை. தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்டவும் வேண்டும். வியாபாரிகள் பலர் சிக்குவது இங்கே: நோட்டீஸும் உத்தரவும் ஜிஎஸ்டி இணையதளத்தில் (போர்ட்டல்) மட்டும் ஏறியிருக்கும், கணக்காளரோ ரிட்டர்ன் பக்கத்தைத் தவிர வேறெதையும் திறந்திருக்க மாட்டார். கட்சிக்காரர் வந்ததும் போர்ட்டலைத் திறந்து உத்தரவின் தேதியைப் பாருங்கள்.

நோட்டீஸுக்குத் தரும் பதில்தான் வழக்கின் அஸ்திவாரம். பில், இ-வே பில் (சரக்கு அனுப்பும்போது எடுக்கும் மின்னணுச் சீட்டு), வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் அப்போதே இணைத்துவிடுங்கள். வருமான வரி வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்கும். விட்டுப்போன ஆவணத்தை அங்கே கொண்டுவருவது மிகக் கடினம்.

2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். பழைய ஆண்டுகளின் வழக்குகள் 1961 சட்டப்படியே நடக்கும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பேலன்ஸ் ஷீட் வாசிக்கத் தெரிவது கட்டாயம், பி.காம் அதற்குக் கைகொடுக்கும்.