அறிவியலிலும் கேள்வி கேட்கக் கூடாத கொள்கைகள் உண்டா? – கேள்வி பதில்

கே: அறிவியலும் ஒரு மதம்தானே? இயற்கை விதிகள் என்றும் மாறாது என்பதைச் சோதிக்காமலே நம்புகிறீர்கள்.

ப: சோதித்திருக்கிறார்கள். யுரேனியத்தை எங்கே தோண்டினாலும் அதில் யுரேனியம்-235, அதாவது அணு உலையில் பிளந்து செலவாகும் வகை, சுமார் 0.720 சதவீதம் இருக்கும். 1972-இல் காபோன் நாட்டின் ஒக்லோ தாதுவில் 0.717தான் இருந்தது. அந்தச் சின்ன வித்தியாசத்தை விடாமல் துருவினார்கள். ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாறைக்குள் ஓர் அணு உலை தானாகவே ஓடியிருக்கிறது! அது விட்டுப்போன சமாரியம் என்ற தனிமத்தின் அளவை வைத்து, அணுக்கரு விதிகள் அன்றும் இப்படித்தான் இருந்தனவா என்று 1976-இல் கணக்குப் போட்டார்கள். மாற்றம் தென்படவில்லை. கேட்கக் கூடாத கேள்வி என்றால் இந்தக் கணக்கை யார் போட்டிருப்பார்கள்? அனுமானம் வேறு, பிடிவாதம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கே: ஒளியின் வேகத்தை 1983-இல் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிர்ணயித்துவிட்டார்களே. இனி அது மாறினாலும் தெரியாதே?

ப: தெரியும். அன்று நிர்ணயித்தது மீட்டரை: ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரமே ஒரு மீட்டர். ஒளியின் வேகம் மட்டும் மாறினால், நேற்று ஒரு மீட்டர் இருந்த உலோகக் கம்பி இன்று வேறு அளவு காட்டும்.

கே: நாள்பட்ட தலைவலிக்கு மாற்று மருத்துவம் பார்க்கலாமா?

ப: என் துறை இல்லை. மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: விஞ்ஞானிகளே பிடிவாதக்காரர்கள்தானே?

ப: பலர் அப்படித்தான். 1982-இல் ஷெக்ட்மேன் என்ற விஞ்ஞானி ஓர் உலோகக் கலவையில், படிகத்தில் வரவே கூடாது என்று பாடநூல்கள் சொன்ன பத்து மடங்குச் சமச்சீரை, அதாவது ஒரு முழுச் சுற்றில் பத்து முறை அதே உருவம் தெரியும் அமைப்பை, பார்த்தார். அவரை ஆய்வுக் குழுவிலிருந்தே வெளியேறச் சொன்னார்கள். 1992-இல் படிகம் என்பதன் வரையறையையே மாற்ற வேண்டி வந்தது. 2011-இல் அவருக்கு நோபல் பரிசு. ஆட்களின் பிடிவாதத்தைத் துறையின் விதியாக எண்ணிவிடாதீர்கள்.

கே: அறிவியலும் ஒரு நம்பிக்கைதானே?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: படித்தேன், ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒக்லோ கணக்குப் போடும்போதே, மற்ற விதிகளெல்லாம் அன்றும் இருந்தன என்று வைத்துக்கொண்டுதானே போடுகிறீர்கள்? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறீர்கள்.

ப: இதற்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் சொல்வது சரி. எல்லா அனுமானங்களையும் ஒரே நேரத்தில் சோதிக்க முடியாது. சிலவற்றின் மேல் நின்றுகொண்டுதான் ஒன்றைச் சோதிக்க முடியும். ஆனால் இன்று நிற்கும் இடத்தை நாளை தோண்டலாம். இயற்கைக்கு இடம் வலம் தெரியாது, கண்ணாடிப் பிம்பமும் அதே விதிப்படிதான் நடக்கும் என்று இயற்பியலாளர்கள் நம்பியிருந்தார்கள். 1956-இல் லீ, யாங் என்ற இரு இயற்பியலாளர்கள் பழைய சோதனைகளைப் புரட்டிப் பார்த்தால், அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் பீட்டா சிதைவில் அதை யாருமே சோதித்திருக்கவில்லை! இயற்பியலாளர் வூ அம்மையார், அப்படிச் சிதையும் கோபால்ட்-60ஐ உறைகுளிரில் வைத்து, அதன் அணுக்கருக்களை ஒரே பக்கம் சுழல வைத்தார். எலக்ட்ரான்கள் பெரும்பாலும் சுழல் அச்சின் ஒரு முனைப் பக்கமே வெளியேறின. சுழலும் பம்பரத்தைப் பக்கத்துக் கண்ணாடியில் பாருங்கள்: சுழலும் திசை மாறும், மேல் கீழ் மாறாது. அப்படியென்றால் பிம்பத்தில் எலக்ட்ரான்கள் எதிர் முனைப் பக்கம் போகும். அப்படியோர் உலகம் இல்லை. 1957 தொடக்கத்தில் அந்த நம்பிக்கை போயிற்று.

கே: ஒவ்வொன்றாகத் தோண்டலாம், சரி. நேற்று நடந்தது நாளையும் நடக்கும் என்பதை எப்படித் தோண்டுவீர்கள்?

ப: முடியாது. தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748-இலேயே, மனித அறிவைப் பற்றிய தம் நூலில் (An Enquiry Concerning Human Understanding), இதைத் தெளிவாக எழுதிவிட்டார். இதுவரை பலித்தது, ஆகவே இனியும் பலிக்கும் என்று சொன்னால், நிரூபிக்க வேண்டியதையே கடன் வாங்கியதாகிவிடும்.

கே: அப்படியானால் ஒரு கொள்கையாவது கேள்விக்கு அப்பாற்பட்டதுதான்!

ப: நிரூபணத்துக்கு அப்பாற்பட்டது. கேள்வியை நீங்களே இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலரும் கேட்கிறார்கள், யாரும் வாயை அடைக்கவில்லை. ஹியூமின் அந்த நூலில் நான்காம் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள், அங்கிருந்து தொடர்வோம்.