ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர், புழு வைத்த கம்போஸ்ட்: எதில் தொடங்குவது?

கேள்வி: தர்மபுரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாமல் வாழப் பழகலாம் என்று மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, துணிப்பைகள் எல்லாம் ஆன்லைனில் வாங்கினேன். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது, கணவர் சிரிக்கிறார். இன்னொரு பக்கம் ஆர்.ஓ. மெஷினிலிருந்து தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மாடியில் வைத்த கம்போஸ்ட் தொட்டியில் புழு வந்து நாற்றமெடுத்ததால் வீட்டு ஓனர் எடுக்கச் சொல்லிவிட்டார். எதிலிருந்துதான் தொடங்குவது?

பதில்: வாங்கியது இருக்கட்டும். தினமும் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போவதைப் பாருங்கள். சாக்கடைக்குப் போகும் தண்ணீர் ஒன்று, குப்பை வண்டிக்குப் போகும் வாளி இன்னொன்று. நம் வீடுகளில் ஸ்ட்ரா போட்டு யார் தினமும் குடிக்கிறார்கள்? அதைத் தடுத்து எவ்வளவு மிச்சமாகும்?

முதலில் தண்ணீர். சாதாரண வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குச் சுமார் மூன்று லிட்டரை வெளியே தள்ளும். குடிக்க, சமைக்க என்று நாளுக்கு 20 லிட்டர் பிடித்தால் 60 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. மாதத்துக்கு 1,800 லிட்டர். எந்தத் துணிப்பையும் இதை ஈடுகட்டாது.

அதற்காக மெஷினைக் கழற்றிவிடுங்கள் என்று நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறையில் ஃப்ளூரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை, வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டு, எலும்புப் பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே, ஜப்பான் கடனுதவியுடன், இதற்காகத்தான் வந்தது. 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது.

ஆகவே உங்கள் மெஷினுக்குள் போவது போர் தண்ணீரா, ஒகேனக்கல் தண்ணீரா என்று முதலில் பாருங்கள். ஒகேனக்கல் தண்ணீர் மட்டும் வருகிறது என்றால் அது சுத்திகரித்த காவிரித் தண்ணீர். வடிகட்டிக் கொதிக்க வைத்தால் போதும், ஆர்.ஓ. தேவையில்லை. ஆனால் உங்கள் தெருவின் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் கலந்து விடுகிறார்களா என்று தண்ணீர் திறந்துவிடுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து, ஃப்ளூரைடு எவ்வளவு என்று குறிப்பாகக் கேட்டுப் பரிசோதியுங்கள். மெஷின் விற்க வருபவர் பேனா மாதிரி ஒன்றை நனைத்துக் காட்டுவாரே, அது டி.டி.எஸ். மீட்டர். மொத்த உப்பை மட்டும்தான் காட்டும். ஃப்ளூரைடு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். இதை மட்டும் பத்துப் பேருக்காவது சொல்லுங்கள்.

போர் தண்ணீர்தான், ஃப்ளூரைடும் இருக்கிறது என்று வந்தால் ஆர்.ஓ. இருக்கட்டும். கழிவுக் குழாயை ஒரு டிரம்மில் விடுங்கள். வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற, வண்டி கழுவ, மிதியடி ஊற வைக்க அந்த 60 லிட்டரும் செலவாகிவிடும். குடிக்கவோ சமைக்கவோ அதை எடுக்காதீர்கள். மாட்டுக்கும் நாய்க்கும்கூட வைக்காதீர்கள். போரில் 3 மில்லிகிராம் ஃப்ளூரைடு இருந்தால் கழிவில் ஏறத்தாழ 4 இருக்கும், கூடவே மற்ற உப்புகளும். அதனால் தொட்டிச் செடிக்கும் வேண்டாம், மண் நாளடைவில் உப்புப் பூத்துவிடும்.

அடுத்தது கம்போஸ்ட். எனக்கும் முதல் தொட்டி நாறித்தான் போனது. மிச்ச சாம்பாரைக் கொட்டினால் வேறென்ன ஆகும்? புழு வந்தால் ஈரம் அதிகம், காற்று போகவில்லை என்று அர்த்தம். அந்தப் புழு பெரும்பாலும் ஒருவகை ஈயின் குஞ்சு. கெடுதல் இல்லை, வேலையைக்கூட வேகமாகவே செய்யும். ஆனால் ஓனரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட இரண்டு மண்பானை போதும். ஒரு கை காய்கறிக் கழிவு போட்டால் இரண்டு கை காய்ந்தது போட்டு மூடுங்கள். காய்ந்ததற்கு நம் பக்கம் பஞ்சமா? சாலையோரப் புளியமரத்துச் சருகு பொடி இலை, சீக்கிரம் மக்கும். புளி தட்டும் காலத்தில் மிஞ்சும் புளியம்பழத் தோடுகளையும் நொறுக்கிப் போடலாம். இல்லையென்றால் தென்னைநார்த் தூள். ஆரம்பத்தில் புளித்த மோர் கொஞ்சம் தெளித்து, வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். சாம்பார், எண்ணெய், கறிமீன் உள்ளே போகக் கூடாது. மாம்பழக் காலத்தில் மட்டும் எச்சரிக்கை: தோலில் சர்க்கரையும் ஈரமும் அதிகம், கொசு மாதிரிப் பழ ஈ மொய்க்கும், அப்போது சருகை மூன்று மடங்காக்குங்கள். மாங்கொட்டை மக்க ரொம்ப நாள் ஆகும், அதைத் தனியாக எடுத்துவிடுங்கள். ஒரு பானை நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால், இரண்டாவது நிறைவதற்குள் முதல் பானை பெரும்பாலும் மண்வாசனைக்கு வந்துவிடும். காய்கறிக் கழிவு போனபின் வாளியில் மிஞ்சுவது பெரும்பாலும் காய்ந்த குப்பை, அவ்வளவாக நாறாது. வண்டிக்காரருக்குப் பிரிப்பதும் சுலபம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், மின்சாரம் குறைவாக எடுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்தான். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 30 யூனிட்டுக்கு மேல் குறையும். வாடகை வீடு என்று தயங்க வேண்டாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் ஓடுகிற ஃபேனை மாற்ற அவசரப்படாதீர்கள், ரிப்பேர் ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் வாரம் நாலு வேளை களியோ சாமைச் சோறோ. நெல் கேட்கும் தண்ணீரை இவை கேட்பதில்லை, மானாவாரியில் நம் காட்டிலேயே விளைகின்றன. ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் 2023-ல் முதலில் வந்ததும் நீலகிரிக்கும் தர்மபுரிக்கும்தான். பிள்ளைகள் களிக்கு முகம் சுளித்தால் ராகி அடையில் முருங்கைக்கீரையைப் போட்டுப் பாருங்கள்.

துணிப்பை வாங்கியது போதும், இனி வாங்காதீர்கள். பருத்தியும் தண்ணீர் குடித்து வளர்ந்ததுதான், ஒரே பையைக் கிழியும்வரை தூக்கினால்தான் கணக்கு சரியாகும். ஒன்றை வண்டி சீட்டுக்கு அடியில் வையுங்கள், சந்தையில் போய் "பை மறந்துட்டேன்" என்று நிற்க வேண்டியிருக்காது.

அப்புறம் அந்த மூங்கில் பிரஷ். தேயும்வரை தேயுங்கள். ஆனால் அதன் முள் பெரும்பாலும் நைலான், மக்காது. பானையில் போடுவதற்கு முன் இடுக்கியால் பிடுங்கி, காய்ந்த குப்பையில் சேர்த்துவிடுங்கள்.