காற்று அடித்தால் தலை வலிக்குமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 23. ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் நகரில் படிக்கிறாள். மார்ச் மாதம், மலையில் பனி கிடக்கும்போதே சில நாட்கள் திடீரென்று சூடான காற்று அடிக்கிறதாம். அந்த நாட்களில் ஒரு பக்கம் தலை இடிக்கிறது, தூக்கம் வரவில்லை, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது என்கிறாள். பெனடோல் போட்டுச் சமாளிக்கிறாள். காற்றால் தலை வலிக்குமா, இல்லை படிக்க முடியாமல் சாக்கு சொல்கிறாளா?
– ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: சாக்கு இல்லை அம்மா. தயவுசெய்து அவளிடம் அப்படிக் கேட்டுவிடாதீர்கள்.

அந்தக் காற்றுக்கு ஃபியோன் என்று பெயர். தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஆல்ப்ஸ் மலையில் ஏறும்போது மழையாகவும் பனியாகவும் கொட்டிவிடுகிறது. ஈரம் போன காற்று மறுபக்கம் இறங்கும்போது, 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி சூடேறும். இன்ஸ்புருக்குக்குத் தெற்கே பிரென்னர் கணவாய் வாய் திறந்து நிற்பதால் நகரத்துக்குள் நேராகப் பாய்கிறது. ஜெர்மன் மொழியில் முடி உலர்த்தும் கருவிக்கும் இதே பெயர்தான். எப்படிப்பட்ட காற்று என்று அதிலேயே புரியும்.

கனடாவின் கால்கரி நகரிலும் இதே வகைக் காற்று உண்டு, சினூக் என்பார்கள். அங்கே ஒற்றைத் தலைவலி உள்ள 75 பேரின் நாட்குறிப்புகளை ஆராய்ந்து 2000-இல் ஒரு கட்டுரை வந்தது. 32 பேருக்கு அந்தக் காற்றோடு தலைவலிக்குத் தொடர்பு தெரிந்தது. சிலருக்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில், சிலருக்கு அதற்கு முந்தின நாளிலேயே! உடம்புக்குள் என்ன நடந்து வலி வருகிறது என்பது மருத்துவத்துக்கே இன்னும் தெளிவாகவில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொடர்பு தெரியவில்லை என்பதையும் கவனியுங்கள். காற்றை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

பினாங்கின் ஈரக்காற்றிலேயே வளர்ந்த பிள்ளை. வறண்ட காற்றில் உடம்பு நீர் இழப்பது வியர்வை போலக் கண்ணுக்குத் தெரியாது, தாகமும் தாமதமாகத்தான் தெரியும். அதோடு பசியாறாமல் வகுப்புக்கு ஓடினால், இரவு தூக்கமும் கெட்டால், வலி வர வேறு என்ன வேண்டும்? ஃபியோன் வரப்போவதை வானிலை அறிக்கையில் முன்கூட்டியே சொல்வார்கள். அந்த நாட்களிலாவது நேரத்துக்குச் சாப்பிடட்டும், தண்ணீர் குடிக்கட்டும், வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி போடட்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். கோடாலித் தைலம் தடவினால் இதமாக இருக்கும், தடையில்லை.

எனக்குக் கவலை தருவது பெனடோல்தான். வலி தொடங்கியதுமே 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு போடலாம். அடுத்த தடவைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 8 மாத்திரையைத் தாண்டக் கூடாது. பெனடோலில் இருக்கும் மருந்து பாராசிட்டமோல். சளிக் காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் இதுவே இருப்பதால் அதையும் சேர்த்து எண்ண வேண்டும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, சில மாதங்கள் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அப்புறம் காற்று நின்றாலும் வலி நிற்காது. அவ்வளவு நாள் காத்திருக்கவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டாலே அங்குள்ள மருத்துவரைப் பார்க்கட்டும். ஒற்றைத் தலைவலிக்கென்றே தனி மருந்துகள் இருக்கின்றன.

இன்னொன்றையும் தயங்காமல் கேளுங்கள். வலிக்கு முன்னால் கண்ணில் நெளிநெளியாக வெளிச்சம் தெரிகிறதா? அப்படித் தெரிந்து, மாதவிடாய் ஒழுங்குக்கோ வேறு காரணத்துக்கோ ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும். மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இடி விழுந்தாற்போல் ஒரே நொடியில் வரும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது என்றால் காற்றைக் காரணம் சொல்லிக் காத்திருக்கக் கூடாது. உடனே 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் முழுக்க வலி வந்த நாள், காற்று அடித்த நாள், மாதவிடாய் நாள், போட்ட மாத்திரை எல்லாவற்றையும் ஒரு நாட்காட்டியில் குறித்து வைக்கட்டும். அவளைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.