மாணவர்களுக்கு முதலில் கேள்வி எழுதக் கற்றுக்கொடுங்கள்

மாணவர்கள் சமூக வலைத்தளங்களைப் படிப்புக்கும் பிற்கால வேலைக்கும் பயன்படும் வகையில் கையாள அவர்களை எப்படிப் பழக்குவது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் கணினியியல் கற்பிப்பவன் என்ற முறையில் என் பதில் இது: முன்பின் அறியாத ஒருவர் தம் நேரத்தை ஒதுக்கிப் பதில் சொல்லத் தக்க ஒரு கேள்வியை எழுதுவதிலிருந்து தொடங்குங்கள். சுயவிவரப் பக்கத்தை அமைப்பது, புகைப்படம் மாற்றுவது, தொடர்புகளைப் பெருக்குவது ஆகிய அனைத்தும் அதற்குப் பிறகு வரட்டும்.

பெரும்பாலான பயிற்சி வகுப்புகள் இந்த வரிசையைத் தலைகீழாக நடத்துகின்றன. வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் கணக்கு தொடங்கு, படத்தைப் போடு, தலைப்பு வரியில் நாலு திறன்களை எழுது, கண்ணில் பட்டவர்க்கெல்லாம் அழைப்பு அனுப்பு என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இதன் விளைவை இறுதியாண்டு மாணவர்களிடம் பார்க்கிறேன். தொடர்புப் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். ஆனால் ஒரு பாடத்தில் சிக்கல் வந்தால் அவர்களுள் எவரிடமும் உரிமையோடு கேட்க முடியாது, ஏனெனில் எவரோடும் ஒரு பொருளைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியிருக்க மாட்டார்கள்.

நல்ல கேள்வியின் வலிமைக்கு நான் வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டு, லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆம் ஆண்டு ஜூலையில், ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த அவர், மினிக்ஸ் இயங்குதளத்துக்கான இணைய விவாதக் குழுவில் இயங்குதளங்களுக்கான பொதுத் தரவரையறையான போசிக்ஸ் எங்கே கிடைக்கும் என்று ஒரு சிறிய கேள்வியை எழுப்பினார். ஆகஸ்டு 25 அன்று, தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதிவருவதாகச் சொல்லி, மினிக்ஸில் எவை பிடிக்கின்றன, எவை பிடிக்கவில்லை என்று அக்குழுவினரிடம் கருத்துக் கேட்டார். அந்த உரையாடல்களின் வழியே அவரை அறிந்த ஆரி லெம்கே, தாம் பராமரித்துவந்த சேவையகத்தில் அந்தப் புதிய இயங்குதளத்துக்கு இடம் கொடுத்தார். அங்கே லினக்ஸ் என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. அப்போது டோர்வால்ட்ஸுக்கு வயது 21. தம்மிடம் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்பதை அவர் மறைக்காமல் எழுதியதே பிறர் உள்ளே வந்து உதவ வழிவிட்டது. மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

இதை எப்படிப் பயிற்றுவிப்பது என்பதற்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். மாணவர் ஒருவர் முதலில் எழுதும் கேள்வி ஏறத்தாழ இப்படி இருக்கும்: “என் பைத்தான் நிரல் சரியாக வரவில்லை, யாராவது அவசரமாக உதவுங்கள்.” கூடவே, கைப்பேசியில் சாய்வாக எடுத்த திரையின் படம் ஒன்று. இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறவர்கூட, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கடந்து போய்விடுவார். அதே மாணவரை உட்காரவைத்து, என்ன செய்ய நினைத்தாய், எதை எதிர்பார்த்தாய், என்ன வந்தது, இதுவரை எதையெல்லாம் முயன்றாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதவைத்தால் கேள்வி இப்படி மாறும்: “ஒரு கோப்பிலுள்ள பதிவுகளைத் தேதி வாரியாக வரிசைப்படுத்துகிறேன். 2-3-2024 முதலிலும் 10-3-2024 பிறகும் வர வேண்டும். ஆனால் 10 முதலில் வருகிறது. கோப்பில் வெற்று இடைவெளிகள் இல்லை என்று சரிபார்த்துவிட்டேன். சிக்கலைக் காட்டும் ஐந்து வரி நிரலையும் மூன்று வரித் தரவையும் கீழே தந்துள்ளேன்.” நிரலும் தரவும் எழுத்து வடிவில் இருப்பதால் படிப்பவர் அவற்றை அப்படியே எடுத்து இயக்கிப் பார்க்கலாம். தேதிகள் தேதிகளாக அல்லாமல் வெறும் எழுத்து வரிசைகளாகப் படிக்கப்பட்டிருக்கின்றன, அதனால்தான் 1 என்ற எழுத்து 2 என்ற எழுத்துக்கு முன்னால் நிற்கிறது என்பதை அனுபவமுள்ளவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். பல நேரங்களில் அந்தத் தேவையும் எழுவதில்லை, ஏனெனில் இரண்டாம் வடிவத்தை எழுதி முடிப்பதற்குள் மாணவருக்கே விடை பிடிபட்டுவிடுகிறது. 2008 இல் தொடங்கப்பட்ட, நிரல் எழுதுவோர் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற தளங்கள், சிக்கலை மீண்டும் உருவாக்கிக் காட்டும் மிகச் சிறிய எடுத்துக்காட்டைத் தருமாறு கேட்பவரிடம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. வரலாறு, உயிரியல், சட்டம் என எந்தத் துறையானாலும், எதைப் படித்தேன், எந்த இடத்தில் புரியவில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்கும் ஒழுங்கு ஒன்றே.

அடுத்த பழக்கம், பதில் கிடைத்த பிறகு திரும்பி வருவது. சொன்ன வழி பலித்ததா, இல்லையென்றால் வேறு எது பலித்தது என்று அதே இடத்தில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். உதவியவருக்கு அது நன்றி. அதே சிக்கலோடு பின்னால் வருகிறவருக்கு அதுவே விடை. இந்த நான்கு வரிகளை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு என்பதால், எழுதுகிறவரின் பெயர் எளிதில் நினைவில் தங்கிவிடுகிறது. சில மாதங்களுக்குப் பிறகு மாணவர் தமக்குக் கீழ் வகுப்பில் உள்ளவர்களின் கேள்விகளுக்குத் தாமே பதில் எழுதத் தொடங்க வேண்டும். தெளிவாகப் புரியாத ஒன்றைப் பிறருக்கு விளக்க முடியாது என்பதால், பதில் எழுதுவது எந்தத் தேர்வைக் காட்டிலும் கடுமையான சோதனை என்றே நான் கருதுகிறேன்.

வேலைவாய்ப்புக்கு இதனால் என்ன பயன் என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973 இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். அறிமுகமானவர் மூலம் புதிய வேலை பெற்றவர்களிடம், அந்த அறிமுகத்தை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். வாரத்துக்கு இரு முறையாவது சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்தித்தோம் என்றவர்கள் 55.6 சதவீதம், ஆண்டுக்கு ஒரு முறை அல்லது அதற்கும் குறைவு என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், வேறு வட்டத்தில் புழங்குகிறவரிடமிருந்துதான் புதிய செய்தி வரும் என்பது அவர் தந்த விளக்கம். லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோரை உட்படுத்தி, ஐந்தாண்டுகளில் நடந்த சோதனைகளின் முடிவுகள் 2022 இல் சயன்ஸ் இதழில் வெளியாயின. ஓரளவு தளர்வான தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு மிகுதியாக உதவின என்றும், தொடர்பு அளவுக்கு மீறித் தளர்ந்தால் பயன் குறைந்தது என்றும் அவை காட்டின. முகமே தெரியாத ஆயிரம் பேரைச் சேர்ப்பதற்கும் ஒரு பொருளைப் பற்றி இரண்டு மூன்று முறை பேசிய ஐம்பது பேரை அறிந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்க இந்த இரண்டு முடிவுகளும் போதும்.

ஆகவே அழைப்பு அனுப்பும்போது ஒரு குறிப்பு எழுதியே தீர வேண்டும் என்று சொல்லுங்கள். “வணக்கம், உங்கள் தொடர்பில் இணைய விரும்புகிறேன்” என்பது குறிப்பு ஆகாது. “நிலத்தடி நீர் அளவீடு பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன், உணரிகளின் பிழையைத் திருத்துவது பற்றி நீங்கள் சொன்னதை எங்கள் திட்டப்பணியில் முயன்று பார்க்கிறோம்” என்று எழுதினால், பெறுகிறவருக்கு மாணவரும் தெரிவார், காரணமும் தெரியும். முதல் செய்தியிலேயே வேலை கேட்க வேண்டாம். பதில் வராவிட்டால் மறுபடி மறுபடி நச்சரிக்கவும் வேண்டாம்.

பதிவுகளைப் பொறுத்தவரை, சான்றிதழின் படத்தைப் போட்டுப் பெருமகிழ்ச்சி தெரிவிப்பதை நான் தடுப்பதில்லை. அதன் கீழே அந்தப் படிப்பில் எது கடினமாக இருந்தது, எதைக் கொண்டு என்ன செய்து பார்த்தாய் என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்வேன். அந்தப் பத்தியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கினால் நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் எனக்கு மிகுந்த கவலை உண்டு. மூடிய குழு என்று எதுவும் உண்மையில் மூடியதாக இருப்பதில்லை: ஃபேஸ்புக்கில் தமக்குள் வைத்திருந்த குழுவில் இழிவான படங்களைப் பகிர்ந்ததற்காக, குறைந்தது பத்துப் பேருக்கு அளித்திருந்த சேர்க்கையை ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2017 இல் திரும்பப் பெற்றது. வேலை தருவதாகச் சொல்லி முன்பணமோ கடவுச்சொல்லோ கேட்பவர் எவராயினும் மோசடிக்காரர் என்று முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். பொதுவெளியில் எழுதும் எல்லாருக்கும் ஒரே வகையான எதிர்வினை வருவதில்லை. குறிப்பாக மாணவிகளுக்கு வரும் தொல்லை கொஞ்சமல்ல. எனவே சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு கணக்கு தொடங்க வேண்டும் என்று எந்த மாணவரையும் மதிப்பெண்ணைக் காட்டிக் கட்டாயப்படுத்தக் கூடாது. புனைபெயரில் எழுதுவதற்கும், வகுப்புக்குள் மட்டும் இயங்கும் தளத்தில் எழுதுவதற்கும் அதே மதிப்பெண் தர வேண்டும். தொல்லை வந்தால் எப்படித் தடுப்பது, எங்கே புகார் அளிப்பது, புகாருக்கு முன்பு சான்றுகளை எப்படிச் சேமிப்பது என்பதை அவர்கள் எழுதத் தொடங்கும் முன்பே செய்து காட்டுங்கள்.

மதிப்பீட்டில் விருப்பக் குறிகளையும் பின்தொடர்பவர் எண்ணிக்கையையும் நான் பார்ப்பதே இல்லை. பருவத்தின் தொடக்கத்தில் எழுதிய ஒரு கேள்வி, இறுதியில் எழுதிய ஒரு கேள்வி, மாணவர் பிறருக்கு எழுதிய ஒரு பதில் ஆகியவற்றை அருகருகே வைத்துப் படிக்கிறேன். ஆசிரியரும் தம் துறைக் குழுக்களில் தாம் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு வந்த கடுமையான திருத்தங்களையும் வகுப்பில் திரையிட்டுக் காட்டுவது நல்லது; அதைப் பார்த்த பிறகுதான், அதுவரை எழுதத் தயங்கிய மாணவர்கள் தங்கள் முதல் கேள்வியை என்னிடம் கொண்டுவருகிறார்கள்.