செஷன் பேஸ் கிட்டாரிஸ்டுக்கு ஏன் எல்லா பாணியும் தெரிந்திருக்க வேண்டும்?

எந்தக் குழுவிலும் நிரந்தரமாக இல்லாமல், ஒலிப்பதிவுக்குக் கூப்பிடும்போது வந்து பேஸ் (தாழ்ந்த ஸ்வரங்களை ஒலிக்கும் கிட்டார்) வாசித்துச் சம்பளம் வாங்குபவர்தான் செஷன் பேஸ் கிட்டாரிஸ்ட். காலையில் ஜாஸ், மாலையில் விளம்பர இசை என்று வேலை மாறும். ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஏறுவதால் ஒத்திகைக்கு நேரம் கிடைப்பது அரிது. எந்த வண்டியைக் கொடுத்தாலும் உட்கார்ந்ததுமே சீராக ஓட்டும் ஓட்டுநரைப் போல இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து இதற்கு மிகச் சிறந்த உதாரணம் அமெரிக்காவின் கரோல் கே. ஜாஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963-இல் ஒரு பதிவுக்கு பேஸ் கலைஞர் வராததால் அதை எடுத்து வாசித்தார். அப்புறம் லாஸ் ஏஞ்சலஸில் பாப், சோல், திரையிசை என எல்லாவற்றிலும் அவருடைய பேஸ் ஒலித்தது.

கிட்டார் சரியாக வராதவர்கள்தான் பேஸ் எடுப்பார்கள் என்று பலர் நினைப்பது தவறு; தாளத்தையும் ஸ்வரத்தையும் சேர்த்துத் தாங்கும் அந்த வாத்தியம் கொஞ்சம் பிசகினாலும் மொத்தப் பாட்டும் ஆடிப்போகும்.