அப்பாரு கொண்டுவந்த இரும்புத் தொப்பி

அண்ணா வணக்கமுங்க,

எங்க அப்பாரு (அப்பாவின் அப்பா) இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். ஆப்பிரிக்கா, இத்தாலி எல்லாம் போய் வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். நான் பிறக்கும் முன்பே காலமாகிவிட்டார். போன மாதம் பழைய வீட்டை இடிக்கச் சாமான்களை இறக்கியபோது அட்டாலியில் இரண்டு இரும்புத் தொப்பிகள் கிடைத்தன. ஒன்று தட்டையாக, அகல விளிம்பு வைத்தது. அதில்தான் முன்பு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அள்ளிப் போடுவார்களாம். இன்னொன்று காதை மூடுகிற மாதிரி இறங்கியிருக்கிறது. உள்பக்கம் ஈ.டி. 64 என்று குத்தியிருக்கிறது. மேலே காய்ந்த மண் மாதிரி மஞ்சளாக ஒட்டியிருக்கிறது, சுரண்டினால் பச்சை தெரிகிறது. தை மாதம் புது வீட்டுப் புண்ணியார்ச்சனை. எமரி ஷீட் போட்டுத் தேய்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்து ஷோகேசில் வைக்கலாம் என்கிறான் பங்காளி ஒருத்தன். போனில் படம் பார்த்த பெங்களூர் வியாபாரி ஒருவர் நல்ல விலை தருகிறேன் என்கிறார், பக்கத்தில் நாஜி முத்திரை இருந்தால் இன்னும் கூடுமாம், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளலாமாம். விவரம் கேட்க முத்தூரில் இருக்கும் பெரிய அத்தை மட்டும்தான் மிச்சம், எண்பது தாண்டிவிட்டது. என்ன செய்யட்டுமுங்க?

ப., வெள்ளகோவில்

அன்புள்ள தம்பி,

முதலில் எமரி ஷீட்டைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். காதை மூடுகிற அந்தத் தொப்பி ஜெர்மன் ராணுவத்துடையது. அதன்மேல் நீங்கள் மண் என்று நினைப்பது அநேகமாகப் பெயிண்ட். ஜெர்மன் தொப்பிகள் ஆலையிலிருந்து பச்சையாகவோ சாம்பலாகவோதான் வெளியே வரும். வட ஆப்பிரிக்காவுக்கும் அப்புறம் இத்தாலிக்கும் போன வீரர்கள், அந்த வெளுத்த மண்ணில் தலை தனியாகத் தெரியக்கூடாது என்று அதன்மேல் மணல் நிறத்தைப் பூசிக்கொண்டார்கள், சிலர் ஈரப் பெயிண்ட் மேல் மணலையே தூவியும் விட்டார்கள். உங்கள் அப்பாரு எந்தப் பக்கம் போனார் என்பதற்கு அந்தத் தொப்பி சொல்லும் சாட்சி அந்த மஞ்சள்தான். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வராது. இனிமேல் சுரண்டியும் பார்க்காதீர்கள்.

ஈ.டி. என்பது ஜெர்மனியில் ஹார்ஸ் மலைப் பகுதியில் இருக்கும் தாலே என்ற ஊரின் இரும்பாலைக் குறி, 64 என்பது தொப்பியின் இரும்பு ஓட்டின் அளவு. விளிம்பைத் தடவிப் பாருங்கள். தகடு உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தால் அது 1935 அல்லது 1940 மாடல். காற்றுத் துளையில் தனி வளையம் வைத்திருந்தால் 1935, அதே தகட்டில் அழுத்தியே துளை போட்டிருந்தால் 1940. 1942 மாடலில் வேலை மிச்சம் என்று மடிக்காமலே விட்டுவிட்டார்கள், ஆனால் அந்த மாடல் வந்தபோது தாலே ஆலையின் குறியும் மாறிவிட்டது, அதனால் உங்களுடையது அநேகமாக முந்தைய இரண்டில் ஒன்றாக இருக்கும்.

இது உங்கள் வீட்டுக் கதையோடு நன்றாகவே பொருந்துகிறது. ஜெர்மன் தளபதி ரோமலின் படை 1941 பிப்ரவரியில் வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியில் இறங்கியது. 1943 மே மாதம் துனிசியாவில் ஜெர்மானியர்கள் சரணடைந்தபோது அவர்களுடைய தளபதி ஆர்னிம் அகப்பட்டது 4ஆவது இந்திய டிவிஷனிடம். அதே டிவிஷன் 1944இல் இத்தாலியில் காசினோ மலையடியில் நின்றது. இந்த இரண்டு களத்திலும் மெட்ராஸ் சாப்பர்ஸ் இருந்தார்கள். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. 1944 பிப்ரவரியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி இறந்த சுபேதார் சுப்பிரமணியம் அந்தப் படைக்காரர்தான், ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது வாங்கிய தமிழர். இவர்களை ராணுவத்தில் இன்றைக்கும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அப்பாரு இருந்த கம்பெனி எது என்று தெரிந்தால்தான் தொப்பியை எங்கே எடுத்தார் என்று நெருங்க முடியும். வீட்டில் மெடல் இருக்கிறதா பாருங்கள், மெடல் தொலைந்து ரிப்பன் துண்டு மட்டும் கிடந்தாலும் போதும். வெளிர் மணல் நிறத்தில் நடுவில் சிவப்புப் பட்டை இருந்தால் ஆப்பிரிக்கா ஸ்டார். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று அந்த நாட்டுக் கொடியின் நிறங்கள் இருந்தால் இத்தாலி ஸ்டார். டிஸ்சார்ஜ் புக் கிடைத்தால் படை எண்ணைக் குறித்துக்கொண்டு பெங்களூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் (மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயர்) ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

தட்டைத் தொப்பி பிரிட்டிஷ் மார்க் 2 ரகமாக இருக்கும். நம் சிப்பாய்களும் அதைத்தான் போட்டார்கள். ஆனால் அதை அப்பாரு போட்டிருந்தார் என்று உடனே எழுதி ஒட்டிவிடாதீர்கள். படையிலிருந்து விடுபடும்போது சர்க்கார் கொடுத்த சாமானைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். போர் முடிந்ததும் மிச்சமான கூடாரம், கம்பளி, லாரி என்று மிலிட்டரி டிஸ்போசலில் ஏலம் போனது ஏராளம், அந்த வழியாகவும் இரும்புத் தொப்பிகள் ஊருக்குள் வந்திருக்கலாம், அவர் பின்னாளில் சந்தையில் வாங்கியதாகக்கூட இருக்கலாம். தாடை வார் மாட்டும் கொக்கியில் வருடம் குத்தியிருக்கிறதா, பின்விளிம்பில் மூன்று துளை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று துளை இருந்தால் தென்னாப்பிரிக்காவில் செய்தது. ஜெர்மன் தொப்பி விஷயம் வேறு. அது இங்கே சந்தையில் கிடைக்கிற பொருள் இல்லை, ஒரு மனிதர் கிட்பேகில் வைத்து, கப்பலேற்றி, ரயிலேற்றி, ஊர்வரை தூக்கி வந்திருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், தொப்பியை விட அவசரம் அத்தை. இந்த வாரமே முத்தூர் போங்கள். "அப்பாரு போரில் என்ன செய்தார்" என்று பொதுவாகக் கேட்டால் "என்னமோ போனாரு வந்தாரு சாமி" என்று முடித்துவிடுவார்கள். தொப்பியைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். இதை எங்கே மாட்டியிருந்தார், குழந்தைகள் தொட்டால் திட்டுவாரா, படையில் உடன் இருந்தவர் என்று யாராவது ஊருக்கு வருவார்களா, எந்த ஊர்ப் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்வார், ரேடியோவில் போர்ச் செய்தி வந்தால் என்ன செய்வார். போனில் பதிவு செய்யுங்கள், தேதியும் அத்தை பெயரும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். இது இல்லாமல் ஷோகேசில் வைத்தால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது யாரோ எங்கேயோ வாங்கிய இரும்பு.

வியாபாரி சொன்ன முத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஜெர்மன் தரைப்படைத் தொப்பியின் இடப்பக்கம் கழுகு, வலப்பக்கம் மூவர்ணக் கேடயம் இருந்தது. கேடயத்தை 1940இல் நிறுத்தினார்கள், கழுகை 1943இல். மணல் நிறத்துக்கு அடியில் பழைய கழுகு மூடிக் கிடக்கவும் வாய்ப்பு உண்டு, கிடந்தால் கிடக்கட்டும். புதிதாக ஒட்டுவது பச்சைப் பொய். அந்தப் பொய் உங்கள் அப்பாரு பெயரில் ஊர் ஊராகப் போகும், நாஜிச் சின்னத்தை ஆசையாகத் தேடி வாங்குகிற ஒருவன் வீட்டில் போய் நிற்கும். அவர் அந்த ஆட்களை எதிர்த்துச் சண்டைக்குப் போனவர். உள்பக்கம் பிடரிப் பகுதியிலோ தோல் பட்டையிலோ பெயர் எழுதியிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஜெர்மன் வீரர்கள் அப்படி எழுதி வைப்பது உண்டு. பெயர் இருந்தால் அந்தப் பையன் என்ன ஆனான் என்று தேடலாம். ஜெர்மானியப் போர்க் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்பிடம் இறந்தவர்கள் பட்டியல் இருக்கிறது.

சுத்தம் செய்வது பற்றி: தண்ணீர் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டாம், மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். உள் துணியை உதறாதீர்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். முதல் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் தொப்பிகளின் உள்பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்று 2014இல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே எச்சரிக்கை போனது. உங்களுடையது அதற்குப் பிந்தியது என்றாலும் குழந்தைகள் தலையில் மாட்டி விளையாட விடாதீர்கள். பாலிதீன் கவரில் கட்டி வைத்தால் வியர்த்துத் துருப் பிடிக்கும், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க ஆசைப்பட்டால் பக்கத்தில் ஒரு தட்டில் வையுங்கள், தொப்பி மேல் வேண்டாம்.

விற்கலாமா என்றால், விற்க வேண்டாம் என்பதே என் பேச்சு. பணம் கட்டாயம் வேண்டும் என்ற நிலை இருந்தால் தட்டைத் தொப்பியைக் கொடுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை என்ற காலம் வந்தால் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, அத்தை சொன்னதை எழுதிச் சேர்த்து அங்கே கொடுத்துவிடலாம். விளிம்பு, காற்றுத் துளை, கொக்கி மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.